மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று, ஏன் எதுவும் மாறவில்லை?

கேட்டவர் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறார். மேனேஜர், சூப்பர்வைசர் எல்லாம் சேர்த்து 60 பேர். வருடத்துக்கு இரண்டு முறை ஹோட்டல் ஹாலில் தலைமைப் பண்புப் பயிற்சி நடக்கிறது. முடிந்ததும் எல்லோரும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பழைய கதைதான். மனிதர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள், எதனால் அது மாறுகிறது என்று ஆராயும் நடத்தை அறிவியல் என்று ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்களே, அது இதற்கு உதவுமா, இல்லை அதுவும் ஒரு புதுப் பெயர்தானா என்பது அவர் கேள்வி.

உதவும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் நடத்தை அறிவியலை மேனேஜர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் அதைத் தொழிலாளிகள்மேல் பிரயோகிக்க வேண்டும் என்று நினைக்கின்றன. நல்ல பலன் கிடைத்த பல இடங்களில் அது முதலில் மேனேஜர்கள்மேல்தான் பிரயோகிக்கப்பட்டது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். உங்கள் சூப்பர்வைசர்களுக்கு என்ன தெரியாது? ஆட்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும், வேலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், நன்றாகச் செய்தவரைப் பாராட்ட வேண்டும் என்பதெல்லாம் தெரியாதவர் எவரும் இருக்கமாட்டார். திங்கட்கிழமை காலை மெஷின் நின்றுபோய், இரண்டு பேர் லீவு போட்டு, மேலேயிருந்து போன் வரும்போது அது எதுவும் நடப்பதில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஒருவர் என்ன செய்வார் என்பது பெரும்பாலும் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: சரியான சமயத்தில் ஞாபகம் வருகிறதா, செய்வது சுலபமா, செய்தபின் யாராவது கவனிக்கிறார்களா. ஹோட்டல் ஹால் வகுப்பு இந்த மூன்றில் ஒன்றையும் தொடுவதில்லை.

இது புது யோசனை இல்லை. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எமெரி ஏர் ஃபிரைட் என்ற அமெரிக்க விமானச் சரக்கு நிறுவனத்தில் எட்வர்ட் ஃபீனி என்ற நிர்வாகி, உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் கருத்துகளை (செய்தபின் நல்ல விளைவு கிடைத்த நடத்தையே திரும்ப வரும் என்பது அவற்றின் சாரம்)க் கிடங்குத் தளத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே ஊருக்குப் போகும் சின்னச் சின்னப் பார்சல்களை ஒரு பெரிய பெட்டியில் அடைத்து அனுப்பினால் விமானக் கட்டணம் குறையும். இது எல்லோருக்கும் தெரியும். அப்படி அனுப்பக்கூடிய பார்சல்களில் 90 சதவீதத்தை அப்படித்தான் அனுப்புகிறோம் என்று மேனேஜர்கள் மனதார நம்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது 45 சதவீதம்தான் வந்தது.

ஃபீனி வகுப்பு எடுக்கவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு செக்லிஸ்ட் கொடுத்து, பெரிய பெட்டியைப் பயன்படுத்தும்போதெல்லாம் அவரே டிக் அடிக்கச் சொன்னார். ஷிப்ட் முடிவில் அவரே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். விகிதம் 95 சதவீதத்தைத் தொட்டது. ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் மிச்சம்.

செக்லிஸ்ட்டைவிட எனக்குப் பிடித்தது அதில் சூப்பர்வைசர்களுக்குக் கொடுத்த வேலை. எண்ணிக்கை ஏறியிருந்தால் அதைக் குறிப்பாகச் சொல்லிப் பாராட்ட வேண்டும். ஏறாவிட்டால்? ஒளிக்காமல் உள்ளபடி எழுதியதற்காகப் பாராட்ட வேண்டும். அதாவது "நீ நல்ல தலைவனாக இரு" என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எந்தத் தாளைப் பார்ப்பது, பார்த்ததும் என்ன பேசுவது என்பது வரைக்கும் இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். நடத்தை என்ற சொல்லுக்குப் பொருளே இதுதான்: கண்ணால் பார்க்க முடிய வேண்டும், எண்ண முடிய வேண்டும். "தலைமைப் பண்பு", "பொறுப்புணர்வு" போன்றவற்றை எண்ண முடியாது. "இந்த வாரம் எத்தனை பேரிடம் தனியாகப் பேசினார்" என்பதை எண்ணலாம்.

90க்கும் 45க்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி உங்கள் நிறுவனத்திலும் நிச்சயம் இருக்கும். ஆட்களிடம் எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள் என்று மேனேஜர்களைக் கேளுங்கள். உங்களிடம் எவ்வளவு அடிக்கடி பேசுகிறார் என்று ஆட்களையும் கேளுங்கள். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த மேனேஜரிடம் மட்டும் காட்டுங்கள். பல இடங்களில் இதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

அடுத்த உதாரணம் கூகுள். இதை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் முக்கியமான பகுதியை விட்டுவிடுவார்கள். 2002-ல் அங்கே இன்ஜினியரிங் பிரிவில் மேனேஜர்களே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தார்கள். சில மாதங்கள்தான் தாங்கியது. செலவுக் கணக்கு ஒப்புதலிலிருந்து இரண்டு பேர் சண்டை வரை எல்லாம் நேராக நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜிடம் போய் நின்றது. அப்புறம் சில ஆண்டுகள் கழித்து, மேனேஜர் என்ற பதவியால் உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா என்று தங்கள் சொந்தத் தரவுகளை வைத்தே ஆராய்ந்தார்கள். ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன் என்று அதற்குப் பெயர். மிக நல்ல மதிப்பெண் வாங்கிய மேனேஜர்களையும் மிக மோசமாக வாங்கியவர்களையும் ஒப்பிட்டு 8 நடத்தைகளைப் பட்டியலிட்டார்கள். நல்ல பயிற்றுநராக இருப்பது, எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்காமல் இருப்பது, ஆட்களின் நலனில் அக்கறை காட்டுவது என்று போகும். தொழில்நுட்பத் திறமை கடைசி இடத்தில் இருந்தது. இன்ஜினியர்கள் நிறைந்த நிறுவனத்துக்கு அது கொஞ்சம் உறைத்திருக்கும். மற்றபடி பட்டியலைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை.

பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது. அதையும் அதே மனிதவளக் குழு செய்த இன்னொரு சின்ன வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவர் புதிதாகச் சேர்கிறார் என்றால், அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவருடைய மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். அதில் ஐந்தே வேலைகள்: அவருடைய பொறுப்பு என்ன என்று முதலிலேயே பேசுங்கள், துணைக்கு ஒரு சக ஊழியரைச் சேர்த்துவிடுங்கள், மற்றவர்களை அறிமுகப்படுத்துங்கள், முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், மனம்விட்டுப் பேச ஊக்கப்படுத்துங்கள். இதைச் செய்த மேனேஜர்களின் கீழ் சேர்ந்தவர்கள் 25 சதவீதம் வேகமாக முழு வேலைத்திறனுக்கு வந்தார்கள் என்று அப்போது மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் பின்னால் எழுதினார்.

அந்த 25-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மின்னஞ்சலைப் படித்துச் செய்தவர்கள், அது வராவிட்டாலும் ஓரளவு நல்ல மேனேஜர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆனாலும் அந்த அமைப்பைக் கவனியுங்கள். ஐந்தும் தெரிந்த விஷயங்கள். அவை சரியான நாளில் வந்தன, அடுத்த நாள் காலையே செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருந்தன. மார்ச் மாதம் வகுப்பில் சொன்னால் ஆகஸ்ட்டில் ஆள் சேரும்போது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஃபீட்பேக் என்றதும் எல்லா ஆலோசகர்களும் "நிறையக் கொடுங்கள்" என்கிறார்கள். கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது. 1996-ல் க்ளூகர், டெனிசி என்ற இருவர் அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாக ஃபீட்பேக் நல்லதுதான் செய்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில், ஃபீட்பேக் கொடுத்தபின் வேலை முன்பைவிட மோசமானது. அவர்கள் சொன்ன விளக்கம் இது: பேச்சு வேலையைப் பற்றி இருக்கும் வரை பலன் உண்டு; ஆளைப் பற்றித் திரும்பியதும் கேட்பவரின் கவனம் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்குப் போய்விடுகிறது. "ரிப்போர்ட்டில் மூன்றாம் பத்தி புரியவில்லை" என்பதும் "நீங்கள் எப்போதும் இப்படித்தான் குழப்புவீர்கள்" என்பதும் ஒன்றல்ல. மேனேஜருக்கு நீங்கள் கொடுக்கும் ஃபீட்பேக்குக்கும் இதே விதிதான். கீழே வேலை செய்பவர்கள் தரும் மதிப்பீட்டை அவருடைய இன்க்ரிமென்ட்டோடு முடிச்சுப் போட்டீர்களானால், அடுத்த நாளே அவர் மதிப்பெண்ணைத் தேற்றும் வேலையில் இறங்கிவிடுவார்.

நம் ஊரில் இன்னொரு தடை உண்டு. "அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்பது பழமொழியாக மட்டும் இல்லை, ஷாப் ஃப்ளோரில் அனுபவ உண்மையாகவே நம்பப்படுகிறது. இருபது வருட அனுபவமுள்ள சூப்பர்வைசர் ஒருவர் "திட்டினால்தான் சார் வேலை நடக்கும், பாராட்டினால் தலையில் ஏறிவிடுவார்கள், நானே பார்த்திருக்கிறேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. இதே வாதத்தை உளவியலாளர் டேனியல் கானமென் 1960-களில் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சியாளர்கள் வாயிலிருந்து கேட்டார். நன்றாகப் பறந்த பயிற்சி விமானியைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாகப் பறந்தவனைக் கத்தினால் அடுத்த முறை நன்றாகப் பறக்கிறான் என்றார் ஒரு பயிற்சியாளர். கானமென் சொன்ன பதில்: நீங்கள் பாராட்டினாலும் கத்தினாலும் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். ஒரு நாள் வழக்கத்தைவிட மிக நன்றாகச் செய்தவர் அடுத்த நாள் தன் சராசரிக்குத் திரும்புவார், மிக மோசமாகச் செய்தவரும் அப்படியே. ஆக, திட்டுகிறவருக்கு வாழ்க்கை தினமும் பரிசு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இதை வாயால் சொல்லி அந்தச் சூப்பர்வைசரை மாற்ற முடியாது. அவருடைய ஆட்களின் மூன்று மாத உற்பத்தி எண்களை எடுத்து, யாரிடமும் எதுவும் சொல்லாத நாட்களில்கூட ஏற்ற இறக்கம் அப்படியேதான் இருக்கிறது என்று காட்டினால் கொஞ்சம் யோசிப்பார்.

சரி, பயிற்சியே வீணா? அப்படியும் இல்லை. இதற்கு இந்தியாவிலிருந்தே மிக நல்ல ஆய்வு இருக்கிறது. அச்யுத அத்வர்யு, அனந்த் நிஷாதம் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் லைன் சூப்பர்வைசர்களுக்கு, ஆட்களிடம் பேசிப் பழகும் திறன்கள் சார்ந்த பயிற்சி ஒன்றைச் சோதித்தார்கள். எந்த நிறுவனமும் செய்வதைத்தான் முதலில் செய்தார்கள்: எந்தச் சூப்பர்வைசருக்கு இந்தப் பயிற்சியால் அதிகப் பலன் கிடைக்கும் என்று அவர்களுக்கு மேலே இருக்கும் இடைநிலை மேனேஜர்களைக் கேட்டுத் தரவரிசை வாங்கினார்கள். ஆனால் அந்த வரிசைப்படி கொடுக்காமல், வரிசையின் ஒவ்வொரு படியிலும் குலுக்கல் முறையில் சிலருக்குக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை.

முடிவு தலைகீழாக வந்தது. மேனேஜர்கள் பலமாகப் பரிந்துரைத்த சூப்பர்வைசர்களின் லைன்களில் உற்பத்தித்திறன் ஏறவே இல்லை. குறைவாகப் பரிந்துரைக்கப்பட்டவர்களிடம் 12 சதவீதம் ஏறியது. மேனேஜர்களுக்கு ஆட்களைத் தெரியாமல் போனதா, வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டினார்களா? இரண்டும் இல்லை என்று ஆய்வு காட்டியது. ஒரு சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனால் அந்த லைனை இழுத்துப் பிடிக்கும் கஷ்டம் முழுதும் அந்த இடைநிலை மேனேஜர் தலையில்தான் விழுகிறது. அதனால் பயிற்சி என்பதை, போய்விடக்கூடாது என்று நினைத்தவர்களைத் தக்கவைக்கும் பரிசாக அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். அது பலித்தும் இருக்கிறது: பயிற்சி பெற்றவர்கள் வேலையை விடுவது 15 சதவீதம் குறைந்தது, அதிலும் பலமாகப் பரிந்துரைக்கப்பட்டவர்களிடம் கூடுதலாக. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் முழுக்க நியாயம். நிறுவனத்துக்குத்தான் அந்த 12 சதவீதம் கைநழுவிப் போயிருக்கும்.

உங்கள் 60 பேரில் ஹோட்டல் ஹாலுக்கு யார் போகிறார்கள் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பயிற்சியின் தரத்தைப் பற்றிக் கவலைப்படும் முன் இதைப் பாருங்கள்.

இன்னோர் ஆய்வு மும்பைக்குப் பக்கத்து நெசவாலைகளில் நடந்தது. நிக்கோலஸ் ப்ளூம், அப்ரஜித் மகாஜன் முதலிய ஐவர் 2008 வாக்கில் தொடங்கியது. நூல் இருப்புக்குக் கணக்கில்லை, துணியில் விழும் குறைகளுக்குப் பதிவில்லை, தரையெல்லாம் குப்பை என்று இருந்த ஆலைகள் அவை. ஆலோசகர்களை அனுப்பி 38 எளிய நிர்வாக நடைமுறைகளைக் கொண்டுவர முயன்றார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. இது வரைக்கும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே ஆய்வாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கொண்டுவந்த நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. பழக்கத்தை ஏற்படுத்திய மேனேஜர் வேலை மாறிப் போயிருந்தார், அல்லது முதலாளிக்கு அதைக் கேட்டுப் பார்க்க நேரமில்லாமல் போயிருந்தது. இவைதான் முக்கியக் காரணங்கள். ஆனாலும் மிச்சமிருந்த பாதியே மற்ற ஆலைகளைவிட அவர்களை முன்னால் நிறுத்தியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எந்தப் பழக்கமும் ஒரு நல்ல மேனேஜரின் தனிப்பட்ட குணமாக மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும். மாதாந்திர ரிவியூவில் எம்.டி. வாய் திறந்து கேட்கும் கேள்வியாக இருந்தால் நிற்கும்.

யாரை மேனேஜர் ஆக்குகிறீர்கள் என்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 131 நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுத் தரவுகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், நன்றாக விற்பவர்களுக்கே பதவி உயர்வு கிடைப்பதும், அவர்களே பெரும்பாலும் சுமாரான மேனேஜர்களாக அமைவதும் தெரிந்தது. அப்ரைசலும் நம்பத்தக்கதாக இல்லை. 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 4,492 மேனேஜர்களுக்குக் கிடைத்த ரேட்டிங்குகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றின் வேறுபாட்டில் பாதிக்கு மேல் மதிப்பெண் போட்டவரின் சொந்தப் போக்கால் வந்தது என்று காட்டியது. அதாவது அந்தத் தாள் மேனேஜரைப் பற்றிச் சொல்வதைவிட அவருடைய பாஸைப் பற்றி அதிகம் சொல்கிறது.

இலக்கு வைப்பதில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் டார்கெட் இல்லாத மேனேஜர் கிடையாது. 1970-களில் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகள் சட்டப்படி ஏற்றக்கூடிய எடையில் 60 சதவீதம் அளவுக்குத்தான் ஏற்றிக்கொண்டிருந்தன. "முடிந்தவரை ஏற்றுங்கள்" என்று எவ்வளவு சொல்லியும் மாறவில்லை. கேரி லேதம் என்ற உளவியலாளர் 94 சதவீதம் என்று தெளிவான இலக்கு வைக்கச் செய்தார். கூடுதல் பணம் கிடையாது. தொடாவிட்டால் தண்டனையும் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சில மாதங்களில் 90-ஐத் தாண்டியது.

இதே இலக்கு வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் என்ன செய்தது? ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்கு, திட்டங்கள் என்று டார்கெட். தொடாவிட்டால் வேலை போகும் என்ற பயம். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் போலிக் கணக்குகள் திறந்தார்கள். 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதற்குள் ஏறக்குறைய 5,300 பேரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள், பெரும்பாலும் கீழ்நிலையில் இருந்தவர்கள். லாரி ஓட்டுநரின் எடையைத் தராசு சொல்லிவிடும், ஏமாற்ற வழியில்லை, பயமும் இல்லை. வங்கியில் இரண்டும் நேர்மாறு. உங்கள் மேனேஜர்களுக்கு டார்கெட் போடும்போது, இந்த எண்ணை வேலை செய்யாமலே எப்படிக் காட்டலாம் என்று ஒரு நிமிடம் அவர் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். வழி உடனே தோன்றினால் அவருக்கும் தோன்றும்.

இந்தத் துறையை விற்க வருபவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவும் இருங்கள். சின்னத் தூண்டுதல்களால் (ஒரு நினைவூட்டல், படிவத்தில் ஒரு சின்ன மாற்றம் போன்றவை) பெரிய மாற்றம் என்று பேசுவார்கள். 2022-ல் டெல்லாவிக்னா, லினோஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஒப்பீட்டில், ஆய்வு இதழ்களில் வந்த தூண்டுதல் சோதனைகள் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளி மாற்றம் காட்டின. அமெரிக்க அரசுத் துறைகளோடு இரண்டு நிபுணர் குழுக்கள் பெரிய அளவில் நடத்திய 126 சோதனைகளில் அது 1.4 தான். பலன் வந்த சோதனைகள்தான் இதழ்களில் ஏறுகின்றன, அது முக்கியக் காரணம். படிவத்தின் மேல்பகுதியில் கையெழுத்து வாங்கினால் மக்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்று 2012-ல் வந்து பிரபலமான ஒரு கட்டுரை, தரவு நம்பத்தக்கதாக இல்லை என்று தெரியவந்து 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய கட்டுரைக்கே இந்த கதி.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். ஒரே ஒரு நடத்தையை எடுத்துக்கொள்வேன். உதாரணமாக, ஒவ்வொரு சூப்பர்வைசரும் வாரத்தில் தன் ஆட்கள் இருவரிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசி, வேலையில் என்ன இடைஞ்சல் என்று கேட்பது. அதை "முடிந்தபோது" என்று விடாமல், "செவ்வாய்க்கிழமை ஷிப்ட் மீட்டிங் முடிந்ததும், கேன்டீன் போகும் முன்" என்று அவர் கையாலேயே எழுத வைப்பேன். எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்ட தீர்மானங்கள் நிறைவேறும் வாய்ப்பு தெளிவாக அதிகம் என்று கோல்விட்ஸர், ஷீரன் என்ற உளவியலாளர்கள் 94 சோதனைகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். செவ்வாய் காலை ஒரு வாட்ஸ்அப் செய்தி, அதில் அந்த வாரம் பேச வேண்டிய இருவரின் பெயர், அவ்வளவு போதும்.

60 பேருக்கும் ஒரே நாளில் தொடங்கவேண்டாம். சீட்டுக் குலுக்கி 30 பேருக்கு இப்போது, மீதிப் பேருக்கு மூன்று மாதம் கழித்து. அப்படிச் செய்தால்தான் மாற்றம் இதனால் வந்ததா, பருவத்தால் வந்ததா, ஆர்டர் குறைந்ததால் வந்ததா என்று தெரியும். தொடங்கும் முன்பும் பின்பும் ஆட்களிடம் இரண்டே கேள்வி: இந்த வாரம் உங்கள் சூப்பர்வைசர் உங்களிடம் தனியாகப் பேசினாரா? நீங்கள் சொன்ன இடைஞ்சலில் ஏதாவது சரியானதா? இரண்டாவது கேள்வி இல்லாவிட்டால் பத்து நிமிடம் வானிலை பேசிவிட்டு டிக் அடித்துவிடுவார்கள். கூடவே வருகைப் பதிவும், வேலையை விட்டவர்கள் எண்ணிக்கையும். அவை எப்படியும் உங்களிடம் இருக்கும்.

மூன்று மாதத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதை நிறுத்திவிட்டு வேறு நடத்தைக்குப் போங்கள். பதில்களை மேனேஜரிடம் காட்டும்போது, ஐந்து பேருக்குக் குறைவான குழுவாக இருந்தால் தனியாகக் காட்டாமல் பக்கத்துக் குழுவோடு சேர்த்துக் காட்டுங்கள். யார் என்ன எழுதினார் என்று அவர் கையெழுத்தை வைத்தோ கோபத்தை வைத்தோ கண்டுபிடித்துவிடுவார். அதன்பிறகு நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் எல்லாத் தாளிலும் "மிக நன்று" என்றுதான் வரும்.